நாலரை மணி நேரத்துக் குப்பை

மூன்று வாரமாக அந்த வீட்டில் புழங்கிய ஒரே எண் நாலரை.

பகல் ஒன்று இருபதுக்கு விமானம் கிளம்பும். மாலை ஐந்து ஐம்பதுக்குப் போய் இறங்கும். டிக்கெட்டில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. யாரும் படித்துச் சொல்லவில்லை, அம்மாவே படித்தாள். ஒன்று இருபதிலிருந்து ஐந்து ஐம்பது வரை விரல் மடக்கி அவளே எண்ணினாள். நோட்டில் எழுதி, கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே விடையும் எழுதினாள். நாலரை.

நாற்பத்து மூன்று வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்கியவளுக்கு அது சின்னக் காரியம் இல்லை. சமையலறை மேசையில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தவள் மகள். நர்சு வேலை முடிந்து வந்த களைப்போடு அம்மாவின் நோட்டை வாங்கி, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுவாள். சரியான விடையை எழுத மாட்டாள். "வட்டம் போடறது என் வேலை, திருத்தறது உன் வேலை" என்பாள். கொம்பு விட்டுப்போனால் வட்டம். கால் விட்டுப்போனால் வட்டம். இரண்டு வருடத்தில் ஒரு தப்பைக்கூடத் தாண்டிப் போனதில்லை.

நாலரைக்கு மட்டும் அவள் வட்டம் போடவில்லை. கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தாள். பிறகு பேனாவை மூடிவிட்டாள். அப்படியென்றால் கணக்கு சரி.

கணக்கு சரியாக இருந்தே ஆகவேண்டும். அம்மாவின் வீட்டுக்காரர் முப்பது வருடம் நெடுந்தூர பஸ் ஓட்டியவர். நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில், பாதிச் சவரத்தோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ரத்தக் குழாய்க்குள் கம்பிச் சுருள் வைத்து அனுப்பினார்கள். இன்னொரு தடவை வந்தால் அவகாசம் அதிகம் இருக்காது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஈரம் காய்வதற்குள் மகளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை வந்தது. அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"காலையில போன் பண்ணினா, பொழுது சாயறதுக்குள்ள நீ வாசல்ல வந்து நிக்கணும். அந்தத் தூரத்துக்குள்ள எங்க வேணும்னாலும் போ."

நாலரை மணி நேரம் அந்தத் தூரத்துக்குள் கையைக் காலை நீட்டிக்கொண்டு அடங்கியது.

இன்றைக்குக் கிளம்பும் நாள்.

காலையில் சீருடையை மாட்டிக்கொண்டே அம்மா கேட்டாள். "மணி என்னங்க ஆச்சு?"

வீட்டுக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழரை."

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். "ஒண்ணரை காட்டுது. ஒரு வாரமா சொல்றேன், பேட்டரியை மாத்துங்கன்னு. காதுல விழுதா?"

"ஓடுதில்ல?"

"ஓடுது. எந்த ஊருக்கு ஓடுதோ!"

மகள் பெட்டியின் ஜிப்பை இழுப்பதில் முனைப்பாக இருந்தாள். ஏற்கெனவே மூடியிருந்த ஜிப்பு அது.

"எத்தனை கிலோமீட்டர்னு கேட்டியே," வீட்டுக்காரர் பேச்சை மாற்றினார். "எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். என் வண்டியில போனா ஆறு நாள் ஆகும். அதுவும் டீக்கு நிறுத்தாம."

"உங்க வண்டியில போனா எதுதான் ஆறு நாள் ஆகாது? பிரசவத்துக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே ஆறு நாள் மாதிரி இருந்துச்சு."

மகள் சிரித்தாள். பஸ் டிரைவர் பெற்ற பெண், ஆனால் சின்ன வயதிலிருந்தே பஸ்ஸில் ஏறினால் குமட்டும். எந்தப் பயணத்துக்கும் கையில் ஒரு காகிதப் பை இல்லாமல் கிளம்ப மாட்டாள்.

"எந்த சீட்டுன்னு சொன்னே?"

"முப்பத்து நாலு ஏ. ஜன்னல் ஓரம். எத்தனை தடவை கேட்பே?"

"ஏறி உட்கார்ந்ததும் முன்னாடி சீட்டுப் பைக்குள்ள கையை விட்டுப் பாரு. தூசி இருந்தா அது நான் துடைச்சது இல்ல."

அதற்காகத்தான் அவள் இன்றைக்கு ஷிப்ட்டு மாற்றியிருந்தாள். விமான நிலையத்தில் பதினொரு வருடமாகக் குப்பை அள்ளுகிறாள், ஆனால் எல்லாம் சின்ன விமானங்கள், உள்ளூர்ப் பக்கம். பெரிய விமானங்களுக்கு வேறு கும்பல். மகள் உட்காரப்போகும் சீட்டைத் தன் கையால் துடைக்க வேண்டும் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை விட்டுக்கொடுத்து இந்த ஒரு நாளை வாங்கினாள். மகள் போகிற விஷயத்தை அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்ல காரியம் நடக்கும் வரை நாக்கை உள்ளே வைத்திருக்க வேண்டும் என்பது அவள் கொள்கை.

வாசலில் மகள் கையைப் பிடித்தாள். "அம்மா, விமானக் கதவு மூடற வரைக்கும் நேரம் இருக்கு. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் இறங்கி வந்துடுவேன்."

"போடி இவளே. நாலரை மணி நேரத்துக்கு இவ்வளவு பேச்சா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் கடிகாரத்தைப் பார்த்தார்.

*

பெரிய விமானம் பதினொன்று நாற்பதுக்கு இறங்கியது. மகள் போகிற அதே ஊரிலிருந்து வருகிற விமானம். பயணிகளை இறக்கிவிட்டு, துடைத்து, எண்ணெய் ஊற்றி, ஒன்று இருபதுக்கு அதே ஊருக்குத் திரும்பும்.

சூப்பர்வைசருக்கு 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயர். மனுஷன் தும்மினால்கூட எத்தனை விநாடி என்று பார்ப்பான் என்பார்கள். பின்கதவு மேடையில் நின்றுகொண்டு வேலையைப் பிரித்தான்.

"முப்பது நிமிஷம். முப்பத்தொண்ணு கிடையாது. புதுசா வந்த வாத்தியாரம்மா, நீங்க இருபத்தஞ்சுல இருந்து நாப்பது வரைக்கும் இடது பக்கம். சரியா?"

கண்ணில் பட்ட அறிவிப்பையெல்லாம் வாய்விட்டுப் படிப்பதால் அவளுக்கு 'வாத்தியாரம்மா' என்று பெயர் விழுந்திருந்தது. கிண்டலாக வைத்த பெயர்தான். அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

"சார், அக்கா படிச்சுக்கிட்டே போனா நாப்பதாவது சீட்டுக்கு நாளைக்குத்தான் வருவாங்க," என்றாள் கழிப்பறை கழுவும் பெண். கும்பலில் அவள் பெயர் 'மகாராணி'. சிம்மாசனம் எல்லாம் என் பொறுப்பு என்று அவளே வைத்துக்கொண்ட பெயர்.

வாத்தியாரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு இருபத்தைந்தாம் வரிசையில் குனிந்தாள்.

பதினொரு வருடத்தில் அவளிடம் குப்பை பேச ஆரம்பித்திருந்தது. ஒரு மணி நேர விமானத்தில் செய்தித்தாளும் தண்ணீர்க் குவளையும் கிடக்கும். இரண்டு மணி நேரமானால் பிஸ்கட் உறை சேரும். மூன்று மணி நேரத்துக்கு மேலே போனால் ஒரு வேளைச் சாப்பாட்டின் ஈயத்தாள் மூடிகள், குழந்தை இருந்தால் ஒரு டயாப்பர். விமானம் எங்கிருந்து வந்தது என்று அவள் யாரையும் கேட்பதில்லை. தரையைப் பார்த்து நேரத்தைச் சொல்லிவிடுவாள், கால் மணி முன்னே பின்னே.

இருபத்தைந்தில் போர்வை சுருண்டு கிடந்தது. சரி, குளிர்ந்திருக்கும்.

இருபத்தாறில் கண்ணை மூடிக்கொள்ளும் துணிப்பட்டை. யாரோ தூக்கப் பைத்தியம்.

இருபத்தெட்டில் சாப்பாட்டு மூடி இரண்டு விதமாகக் கிடந்தது. ஒன்றில் குழம்புக் கறை. இன்னொன்றில் ஜாம் ஒட்டியிருந்தது. அவள் இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தாள். ஒருவன் இரவுச் சாப்பாடும் சாப்பிட்டு, காலைப் பலகாரமும் சாப்பிட்டிருக்கிறான். பெருந்தீனிக்காரன்.

இருபத்தொன்பதிலும் அதே இரண்டு மூடி. முப்பதிலும். விமானம் முழுக்கவா பெருந்தீனிக்காரர்கள்?

முப்பத்தொன்றில் ஒரு பிளாஸ்டிக் பையில் டயாப்பர்களை முடிந்து வைத்திருந்தார்கள். எண்ண வேண்டியதில்லை. எண்ணினாள். ஐந்து.

நாலரை மணி நேரத்துக்கு ஐந்து டயாப்பர். குழந்தைக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது, பாவம்.

மனசு ஒன்றைக் கேட்டால் வாய் வேறொன்றைப் பதிலாகச் சொல்லிக்கொண்டே வந்தது. கை மட்டும் மெதுவானது.

"வாத்தியாரம்மா! பதினோரு நிமிஷம் போச்சு!" ஸ்டாப்வாட்ச் கத்தினான்.

அப்போதுதான் பின்னால் மகாராணி கழிப்பறைக் கூடையைத் தூக்கிக்கொண்டு முனகியபடி வந்தாள். "பாருக்கா இந்தக் கூத்தை. குட்டிக் குட்டிப் பற்பசை. ஒரு கழிப்பறையில மட்டும் இருபதுக்கு மேல. இறங்கறதுக்கு முன்னாடி வரிசையா நின்னு பல்லு விளக்கியிருக்காங்க. தொட்டியெல்லாம் நுரை."

வாத்தியாரம்மா நிமிர்ந்தாள்.

"நாலரை மணி நேரத்துக்கு எதுக்குப் பல்லு விளக்கறாங்க?"

"எது நாலரை?"

"இந்த விமானம். வர்ற நேரம்."

மகாராணி சிரித்துவிட்டாள். "நாலரை மணி நேரத்துல பாதிக் கடலைக்கூடத் தாண்டாதுக்கா. ராத்திரி முழுக்கப் பறந்து வருது இது. தூங்கி எந்திரிச்சுப் பல்லு விளக்கிட்டுத்தான் இறங்குவாங்க. உள்ளூர்ப் பக்கத்துல இருந்து வந்தவங்களுக்கு எல்லாமே அதிசயந்தான்!"

கூடையோடு அவள் போய்விட்டாள்.

வாத்தியாரம்மா முப்பத்து நாலாம் வரிசைக்கு வந்தாள். ஏ. ஜன்னல் ஓரம். முன் சீட்டின் முதுகில் இருந்த சின்னத் திரை இன்னும் அணையவில்லை. நீலக் கடல், அதன்மேல் வளைந்து வந்து முடிந்த ஒரு கோடு. கோட்டின் முனையில் பொம்மை விமானம். ஓரத்தில் எழுத்துகள். எழுத்து இருந்தால் அவளால் படிக்காமல் இருக்க முடியாது.

பறந்த தூரம், எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோமீட்டர். பறந்த நேரம், ஒன்பது மணி முப்பது நிமிடம்.

கீழே இரண்டு கடிகாரம். இறங்கிய ஊரில் பன்னிரண்டு இருபத்திரண்டு. புறப்பட்ட ஊரில் ஆறு இருபத்திரண்டு.

அவள் முதலில் ஒரு கடிகாரத்தைப் படித்தாள், பிறகு இன்னொன்றை. நமக்குப் பகல் என்றால் அங்கே இரவு என்பது அவளும் கேள்விப்பட்டதுதான். ஆனால் டிக்கெட்டில் கிளம்பும் மணி இந்த ஊர் மணி, இறங்கும் மணி அந்த ஊர் மணி என்று யாராவது நினைப்பார்களா? பஸ் டிக்கெட்டில் அப்படியா இருக்கும்? ஒரே காகிதத்தில், ஒரே மையில், பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துவிட்டு, இரண்டும் வேறு வேறு கடிகாரம் என்றால்?

ஐந்து ஐம்பதோடு ஆறைக் கூட்டினாள். பதினொன்று ஐம்பது. ஒன்று இருபதிலிருந்து பதினொன்று ஐம்பது. விரல் மடக்கினாள். கையுறைக்குள் விரல் வியர்த்திருந்தது.

பத்தரை.

போவதற்குப் பத்தரை. காற்று தள்ளிவிட்டு வருவதால் வருவதற்கு ஒன்பதரை. அதுவும் மகள் அந்த நிமிஷமே விமான நிலையத்தில் நின்றால், விமானமும் நின்றால். காலையில் போன் செய்தால் அடுத்த நாள் மத்தியானம் வருவாள். அவளுடைய நிபந்தனை அந்தக் கடலில் எங்கோ நடுவில் விழுந்து கிடந்தது.

பக்கத்தில் யாரும் இல்லை. அவள் சீட்டைத் துடைத்தாள். கைப்பிடி இரண்டையும் துடைத்தாள். சாப்பாட்டுப் பலகையை இறக்கி, மேலும் கீழும் துடைத்து மூடினாள். பெல்ட்டின் இரண்டு முனையையும் எடுத்துக் குறுக்காக மடித்து வைத்தாள். வேலை வேலையாக நடந்தது.

ஆறு மணி நேரம் பின்னால்.

ஏழரைக்கு ஒன்றரை காட்டியது அவர் கடிகாரம்.

அவள் கை பெல்ட்டின்மேல் நின்றது. ஒரு வாரமாகப் பேட்டரி போகவில்லை. ஒரு வாரமாக அந்த மனுஷன் மகள் போகிற ஊரின் மணியைக் கையில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியிருக்கிறார். எட்டாயிரத்துத் தொள்ளாயிரம், ஆறு நாள் என்று வாய்விட்டும் சொன்னார். அவள்தான் பிரசவக் கதை சொல்லிச் சிரித்தாள். தெரியாதது இந்த வீட்டில் ஒருத்திக்குத்தான்.

கோபம் அவளுக்கு வந்தது தூரத்தின் மேல் இல்லை. தூரம் அது பாட்டுக்கு இருந்தது. நோட்டில் வட்டம் போடாமல் மூடிய பேனாவின் மேல் வந்தது.

"இன்னும் எட்டு நிமிஷம்!"

முன் சீட்டுப் பைக்குள் கை விட்டாள். பாதுகாப்பு அட்டை, பத்திரிகை, வாந்திக்கான காகிதப் பை. எல்லாம் விமானத்துக்குச் சொந்தமானவை, அந்தந்த இடத்தில் இருக்க வேண்டியவை. அவள் கொண்டுவந்து எதையும் வைக்க முடியாது. துடைத்து முடித்ததும் பாதுகாப்பு ஆள் வந்து ஒவ்வொரு பையாகத் தடவுவான். புதிதாக ஒரு துண்டுக் காகிதம் இருந்தாலும் விமானம் நிற்கும், வேலை போகும்.

ஆனால் வாந்திப் பை அங்கேயே இருப்பது.

சீருடைப் பையில் நீலப் பேனா இருந்தது. கையெழுத்துப் போடுவதற்காக எப்போதும் வைத்திருப்பாள். கட்டை விரலை வைத்துப் பதினொரு வருடம் முன் வேலைக்குச் சேர்ந்தவளுக்கு அந்தப் பேனா ஒரு நகை.

வாந்திப் பையைப் பிரித்து மடியில் வைத்துக் குந்தினாள். வெள்ளைக் காகிதம். வேண்டாம் என்று எழுதினால் நாலே எழுத்து. கொம்பு, புள்ளி, கால், புள்ளி, எல்லாம் தப்பில்லாமல் வரும் அவளுக்கு. ஏறியதும் மகள் பைக்குள் கை விடுவாள். குமட்டுகிற பெண், எப்படியும் அந்தக் காகிதப் பையைத்தான் முதலில் எடுப்பாள். படித்தால் இறங்கிவிடுவாள். சொன்னால் செய்கிறவள்தான்.

இறங்கி வந்தால்? அவள் அப்பா கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார். இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பழையபடி இரவு ஷிப்ட்டு. நோட்டில் நாலரை அப்படியே இருக்கும், வட்டம் இல்லாமல்.

பேனாவின் முனை காகிதத்தைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. நின்ற இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியிலிருந்தே எழுதினாள்.

1.20 முதல் 5.50 வரை. கோடு. கோட்டுக்குக் கீழே, நாலரை.

நாலரையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். சிவப்பு மை இல்லாததால் நீலத்திலேயே. முதல் தடவையாகப் போடுவதால் வட்டம் கொஞ்சம் முட்டையாக வந்தது. சரியான விடையை எழுதவில்லை. திருத்துவது அவள் வேலை இல்லை.

எழுத்து உள்பக்கம் போகும்படி பையை மடித்து, பத்திரிகைக்கும் அட்டைக்கும் நடுவில் செருகினாள். முப்பத்தைந்தாம் வரிசைக்கு நகர்ந்தாள்.

பாதுகாப்பு ஆள் வந்தான். தடவினான். போனான்.

*

கும்பலை ஏற்றிவந்த வண்டி, விமானத்தின் இறக்கைக்குச் சற்றுத் தள்ளி நின்றது. அடுத்த விமானம் வரும்வரை அங்கேதான். மகாராணி செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள்.

வாத்தியாரம்மா கதவோரம் உட்கார்ந்து ஜன்னல்களை எண்ணினாள். வால் பக்கத்திலிருந்து எண்ணி, முன்பக்கத்திலிருந்து எண்ணி, இரண்டு விதமாகவும் வேறு வேறு ஜன்னல் வந்தது. ஏதோ ஒன்றில் முப்பத்து நாலு இருந்தது. எல்லா ஜன்னலிலும் வெயில்தான் தெரிந்தது.

பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நிலையத்திலிருந்து விமானக் கதவுக்கு நீட்டிய கூண்டுப் பாலத்துக்குள் தலைகள் நகர்வது மங்கலாகத் தெரிந்தது. எல்லாம் ஒரே திசையில் போயின. அவள் திரும்பி வரும் தலை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"யாரைக்கா தேடறே?"

"யாரையும் இல்ல."

ஒன்று ஐந்துக்குச் சாப்பாட்டு வண்டி விலகியது. ஒன்று எட்டுக்கு எண்ணெய்க் குழாயைச் சுருட்டினார்கள். ஒன்று பத்துக்குப் பாலத்தில் ஒரு தலை எதிர்த் திசையில் வந்தது. வாத்தியாரம்மா எழுந்து நின்றுவிட்டாள். காகிதக் கட்டோடு நடந்த நிலைய ஊழியன் அது.

ஒன்று பதின்மூன்றுக்குக் கதவு மூடியது.

"சரியா பதின்மூணு," என்றான் ஸ்டாப்வாட்ச், தனக்குத்தானே.

விமானம் பின்னால் தள்ளப்பட்டு, திரும்பி, போய் வரிசையில் நின்றது. அவள் உட்கார்ந்தாள். வண்டி இருக்கை இன்னும் சூடாகவே இருந்தது.

*

போன் எல்லாம் வேலை முடியும்வரை லாக்கரில்தான். ஷிப்ட்டு முடிந்து அவள் திறந்தபோது இரண்டே முக்கால். மகளிடமிருந்து ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் நாலு தடவை அழைத்திருந்தார்.

கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்க போயிட்டே? அவ நல்லபடியா ஏறிட்டா. நான் வீட்டுக்கு வந்து மாத்திரையும் போட்டாச்சு. உள்ள போகும்போது உன்னைத்தான் கேட்டா…"

"உங்க வாட்ச்சுல இப்ப மணி என்ன?"

அந்தப் பக்கம் ஒரு பஸ் போகும் சத்தம் கேட்டது. ஜன்னலோரம் நிற்கிறார்.

"ரெண்டே முக்கால்."

"சுவத்தைப் பார்க்காம சொல்லுங்க."

"எட்டே முக்கால்," என்றார். "காலையில."

"பேட்டரி?"

"அது நல்லாத்தான் இருக்கு."

அவள் லாக்கர் கதவைச் சாத்திச் சாய்ந்து நின்றாள். "ரெண்டு பேருமா சேர்ந்து என்னை நல்லா முட்டாளாக்கினீங்க."

"அவளை ஒண்ணும் சொல்லாதே. அன்னிக்கு நோட்டைப் பார்த்ததுமே வட்டம் போடத்தான் பேனாவை எடுத்தா. நான்தான் வேண்டாம்னு கண்ணைக் காட்டினேன்."

"ஏன்?"

"நீயா படிச்சு, நீயா போட்ட மொதல் கணக்கு. எவ்வளவு சந்தோஷமா இருந்தே தெரியுமா?" என்றார். "அப்புறம், என் நெஞ்சுக்குக் காவலா அவளை இங்க உட்கார வைக்க எனக்குப் பிடிக்கலை. நேரா சொன்னா நீ விடமாட்டே."

"நெஞ்சு வலிச்சா எந்த மணிக்குச் சொல்லுவீங்க? உங்க வாட்ச்சுக்கா, சுவத்துக் கடிகாரத்துக்கா?"

"பக்கத்துல நீதானே இருக்கே. உன் மணிக்குத்தான்."

"சாப்பிட்டீங்களா?" என்றாள். பதிலைக் கேட்காமலே போனை வைத்தாள்.

வெளியே போகும் வழியில், ஸ்டாப்வாட்ச் பலகையில் நாளைய ஷிப்ட்டை எழுதிக்கொண்டிருந்தான். அவள் பெயர் பழையபடி உள்ளூர்ப் பக்கத்தில் இருந்தது.

"சார், அந்த விமானம் திரும்ப எப்ப வரும்?"

"ஒண்ணு இருபதா? சாயங்காலம் அங்க இறங்கும், ராத்திரியே கிளம்பிடும். நாளைக்குப் பதினொண்ணு நாப்பதுக்கு இங்க."

"அதே விமானமா?"

"அதேதான். ஏன்?"

"நாளைக்கும் என்னை அதுல போடுங்க."

ஸ்டாப்வாட்ச் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னிக்கே ரெண்டு ஞாயிறு விட்டுக்கொடுத்தாச்சு. நாளைக்கு எதை விட்டுக்கொடுப்பீங்க?"

"இன்னும் ரெண்டு."

"அப்படி அந்த விமானத்துல என்ன இருக்கு? எதையாவது வச்சுட்டு வந்தீங்களா?"

"நான் எதையும் வைக்கலை சார். அதுல இருந்ததுதான். திருத்தி வருதான்னு பார்க்கணும்." அவள் பலகையைப் பார்த்தபடியே சொன்னாள். "முப்பதுல இருந்து நாப்பது. இடது பக்கம்."

அவன் உள்ளூர்ப் பக்கத்தில் இருந்த அவள் பெயரைத் துணியால் துடைத்தான். பெரிய விமானத்துக்கு நேரே எழுதினான். அவள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் பார்த்தாள். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

"சார், பேனாவைக் கொடுங்க," என்று வாங்கி, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

"இது என்ன வாத்தியாரம்மா?"

"திருத்தறது உங்க வேலை," என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். நேரம் இந்த ஊரில் மூன்று.